வெயிலும் விதியும்

விதியை நம்புதல் ஈமானின் பகுதியாகும். ஆயின், நடந்தவற்றுக்கெல்லாம் விதியைக் காட்டி விலகிக்கொள்வதும் ஈமானாகுமா? வணிகர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய வினா இது.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில், ஜூன் 17ஆம் நாள், மக்காவின் ஹரம் ஷரீபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியசை எட்டியது. அவ்வாண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றிச் சென்றோர். ஒதுங்க நிழலின்றி, நெடுந்தூரம் வெயிலில் நடந்தோர். ஹஜ்ஜுக்கு உரியதல்லாத பயண அனுமதியை ஹஜ்ஜின் பெயரால் விற்ற தரகர்கள் பலர். எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை இரத்துச் செய்தது.

"வெயில் கொன்றது, இறைவன் நாட்டம்" என்று கூறுவோர் உளர். மரணம் இறைவன் நாட்டமே, ஐயமில்லை. ஆனால் மதீனத்துக் கடைத்தெருவில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். தானியக் குவியலுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். அம்மழை இறைவன் அனுப்பியதே. எனினும் நாயகம் அவர்கள் மழையைக் குறித்து விசாரிக்கவில்லை. ஈரத்தை மேலே தெரியும்படி வைக்காததையே கண்டித்தார்கள். வானத்தின் செயலுக்கு வணிகர் பொறுப்பல்லர், மறைத்ததற்குப் பொறுப்பாளர். வெயிலுக்கும் இதுவே சட்டமன்றோ?

வாங்கியோர் அறிந்துதானே சென்றனர் என்பாரும் உண்டு. சிலர் அறிந்திருக்கலாம். ஆயினும், ஆயுள் முழுதும் சேமித்த ஏழையின் ஆசையை விலை பேசியவர் குற்றம் அதனால் குறைந்துவிடாது. சக்தியற்றவர் மீது ஹஜ் கடமையே அன்று என எடுத்துரைப்பதல்லவா உண்மையான உதவி?

பிறை ஆண்டு சுமார் 11 நாள் குறைவாதலால், ஹஜ் இனிக் கோடையைவிட்டு நகர்கிறது. 2050ஆம் ஆண்டளவில் மீண்டும் கோடைக்கு வரும். பூமியோ ஆண்டுக்காண்டு சூடேறி வருகிறது. அன்று செல்வோர் நம் பேரப்பிள்ளைகள். இடைப்பட்ட காலம் நமக்குக் கிடைத்த அவகாசம்.

நம் நாடுகளில் தாபோங் ஹாஜியும் மூயிஸும் பதிவு வரிசை வைத்துள்ளன. வரிசை நீண்டதாயினும் பொறுத்திருப்போம். குறுக்கு வழி காட்டுவோருக்கு நம் கடைகளில் இடமளியாதிருப்போம். சரக்கின் குறையைச் சொல்லி விற்பவர்க்கே பரக்கத் உண்டு.

அல்லாஹ் நம் வணிகத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.