பெயர் தெரியாத விமானம்

திருச்சியிலிருந்து வெளிநாடு போகிறவர் ஏறுவது பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானம்தான். கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவும் பாட்டிக் ஏரும், சிங்கப்பூருக்கு ஸ்கூட்டும் இண்டிகோவும், வளைகுடா நாடுகளுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட் என்று இந்த ஊரின் பட்டியல் அமைந்திருக்கிறது. கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் இதில் விதிவிலக்கு. பிற ஊர்களில் பயணி மனமுவந்து தேர்ந்தெடுக்கும் மலிவு, திருச்சியில் இயல்பாகவே வாய்த்துவிட்டது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓடுதளத்தின் நீளம் ஏறக்குறைய 2,480 மீட்டர். நெடுந்தூரம் பறக்கும் அகன்ற உடல் விமானங்களுக்கு அது வசதியான அளவு இல்லை. நீட்டிப்பதற்கான நிலமோ பல ஆண்டுகளாக இழுபறியில் இருக்கிறது. இன்னொன்று ஒப்பந்தம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமானங்கள் கட்டுப்பாடின்றி வந்து போகலாம் என்று இந்தியா அறிவித்த 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. வளைகுடா நாடுகளுடனான இருதரப்பு ஒப்பந்தங்களில் திருச்சி இடம்பெறாததால், அங்குள்ள பெரிய நிறுவனங்களால் இங்கே இறங்க முடிவதில்லை. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் அளவு பெரிது. ஆனால் அதன் வாசலில் நிற்பவை பழைய ஒற்றை நடைபாதை விமானங்களே.

மலிவாகக் கடல் கடப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜுலா என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு 1973 வரை ஓடியது. அதில் பெருங்கூட்டம் டெக் பயணிகள். அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயும் பெட்டியும் அவரவர் பொறுப்பு. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்த பின் பயணிகளை ஏற்றிச் செல்வதும் நின்றுபோனது. ரஜுலா புறப்பட்ட அதே நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனையும் முதலில் இருந்தது. அது 1928-இல் திருச்சியின் பொன்மலைக்கு இடம் மாறியது. பணிமனையோடு வந்த குடும்பங்களின் இன்றைய தலைமுறைக்கு, கடல் கடக்கும் வாசல் ஒரு சில கிலோமீட்டர் தொலைவில் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. 2008 டிசம்பரில் ஏர் ஏசியா இந்தியாவில் முதன்முதலாக இறங்கிய ஊர் சென்னையோ டெல்லியோ அல்ல, திருச்சி. ரஜுலாவின் பயணிகள் எந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதை அந்த நிறுவனத்தில் யாரோ சரியாகக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

கட்டணம் எப்படிக் குறைகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டு வகுப்பு வைத்தால் 150, 160 பேர் உட்காரும் ஏர்பஸ் ஏ320-இல் ஒரே வகுப்பாக 180 அல்லது 186 இருக்கைகளைப் போடுகிறார்கள். ஒரே வகை விமானத்தை மட்டும் வைத்துக்கொண்டால் விமானிகளின் பயிற்சி, உதிரி பாகம், பழுது பார்ப்பு எல்லாமே சுருங்கும். இறங்கிய விமானம் அரை மணி நேரத்துக்குள் மறுபடி பறக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வேதம்; தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. சாப்பாடு, பெட்டி, ஜன்னல் இருக்கை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. இவையெல்லாம் பயணியின் கண்ணுக்குத் தெரியும் சிக்கனங்கள். கண்ணுக்குத் தெரியாத சிக்கனம் ஒன்று உண்டு, அதுதான் முக்கியமானது: உபரி. மாற்று விமானம், காத்திருப்பில் ஒரு விமானி, வெளியூர் நிலையத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஊழியர் என்று ஒரு பெரிய நிறுவனம் சும்மா வைத்திருக்கும் எதையும் மலிவு நிறுவனம் வைத்திருப்பதில்லை. காலையில் வேறொரு ஊரில் ஏற்பட்ட தாமதம் நாள் முழுவதும் உருண்டு வந்து, நள்ளிரவில் திருச்சிப் பயணியின் தலையில் விழும்.

பெயர் கேள்விப்படாத விமானத்தில் ஏறப்போகிறவர் முதலில் கேட்பது இதுவாக இருக்காது. பத்திரமாகப் போய்ச் சேருமா என்றுதான் கேட்பார். பொன்மலையில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. ரயில் பெட்டியின் பக்கவாட்டு முனையில், அது கடைசியாக முழுப் பராமரிப்புக்கு வந்த தேதியும் பணிமனையின் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். ஜி.ஓ.சி. என்றால் பொன்மலை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டியைச் செப்பனிட்டவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரராக இருக்கலாம். நம்பிக்கை அங்கே முகத்தோடு வருகிறது. விமானத்தில் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எழுதியிருக்கிறது. வாலுக்கு அருகில் உள்ள பதிவு எழுத்துகள் வி.டி. என்று தொடங்கினால் இந்தியா, 9எம் என்றால் மலேசியா, 9வி சிங்கப்பூர், வி.என். வியட்நாம். அந்த விமானத்தின் தகுதிக்கு எந்த நாட்டு அரசு பொறுப்பேற்கிறது என்பதே அதன் பொருள். பாதுகாப்பு பெரும்பாலும் அந்த மட்டத்தில் தீர்மானமாகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2014 ஜனவரியில் இந்தியாவின் தர மதிப்பீட்டைக் குறைத்து 2015 ஏப்ரலில் மீட்டது. மலேசியாவுக்கு 2019-இல் குறைத்து 2022-இல் மீட்டது. இரண்டு முறையும் மதிப்பெண் இழந்தது நாட்டின் கண்காணிப்பு அமைப்பு. அந்த நாட்டின் விலையுயர்ந்த நிறுவனமும் மலிவு நிறுவனமும் ஒரே கணக்கில்தான் வந்தன. டிக்கெட் விலையை வைத்துப் பாதுகாப்பை அளப்பது பயணியின் மனப்பழக்கம், அவ்வளவே.

திருச்சிக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2018 அக்டோபர் 12 அதிகாலையில், 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதள முனையில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு எழும்பியது. கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டியதால் விமானிகள் மேலே பறந்தார்கள். பிறகு அது மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. அடிப்பகுதியின் சேதம் அங்கே இறங்கிய பின்தான் முழுதாகத் தெரிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து 2024 அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. போயிங் 737-இல் எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி கிடையாது. எடை குறையும்வரை அது வானத்தில் வட்டமிட்டது. திருச்சியும் புதுக்கோட்டையும் தொலைக்காட்சியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தன. இரவு 8 மணிக்குமேல் 140-க்கும் அதிகமானோர் நலமாக இறங்கினார்கள். முதல் சம்பவம் மனிதப் பிழை பற்றிய எச்சரிக்கை. இரண்டாவது, பயிற்சி எதற்கு என்பதன் விளக்கம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘மலிவு விமானம் என்றால் இப்படித்தான்’ என்று சொல்வது எளிது, பொருத்தமில்லை.

ஆகவே உயிர்ப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, காலத்தைப் பற்றிய பயத்துக்குத்தான் பயணி இடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் உதவாது. டைகர் ஏர்வேஸ் டைகர்ஏர் ஆகி, 2017-இல் ஸ்கூட்டோடு கலந்தது. மலிந்தோ 2022-இல் பாட்டிக் ஏர் ஆனது. ஏர் ஏசியா இந்தியா வேறு பெயர் பூண்டு, 2024-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் மறைந்தது. பழகிய பெயர் மறுபடி அறிமுகமற்றதாகிவிடுகிறது. பெயரே இல்லாமல் போவதும் நடக்கும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 1977-இல் தொடங்கிய ஃபிரெடி லேக்கரின் ஸ்கைட்ரெயின், நெடுந்தூர மலிவுப் பயணத்தின் முன்னோடி. 1982 பிப்ரவரியில் அது திவாலானபோது பயணிகள் வழியில் சிக்கினார்கள். 2018 டிசம்பரில் டெல்லிக்கு வந்த ஐஸ்லாந்தின் வாவ் ஏர், அடுத்த மார்ச்சில் மூடப்பட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

பெயரைவிடப் பயன் தரும் கேள்வி, வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்பது. தினமும் இரண்டு முறை பறக்கும் நிறுவனத்தில் ஒரு விமானம் ரத்தானால் மறுநாள் கிளம்பலாம். வாரத்துக்கு மூன்று முறை மட்டுமே வரும் நிறுவனத்தில் அதே ரத்து, விடுமுறையில் பாதியைத் தின்றுவிடும். விலை ஒப்பிடும் தளங்கள் இதைச் சொல்லாது. அங்கே எல்லா இருக்கையும் ஒரே வரிசையில் நிற்கும்.

அடுத்தது இணைப்பு. பொன்மலையிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதை எடுத்துக்கொள்ளலாம். இன்று இது அபூர்வமான பயணம் இல்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து மெல்போர்னுக்கு எட்டு மணி நேரம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. பெட்டியும் தானாகப் போய்ச்சேரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கினால், கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருப்பதால் இது சாத்தியமாகியிருக்கிறது, எளிதாகிவிடவில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் அந்தத் தம்பதி வராத பயணிகள், பணமும் போய்விடும். மகள் மடிக்கணினியில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்கு, எழுபது வயதுக் கால்கள் விலை கொடுக்கும்.

பாஸில் பயணம் செய்து பழகிய ரயில்வே குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு இன்னொரு விதத்தில் அந்நியம். பாஸ் என்பது உத்தியோகத்தோடு வரும் உரிமை. வண்டி தாமதமானால் திட்டலாம், ஆனால் அது தன் வண்டி. மலிவு விமானத்தில் ஒவ்வொரு வசதியும் தனிப் பேரம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும், சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்க வேண்டும். வெளிச் சாப்பாட்டுக்குச் சில நிறுவனங்கள் தடை வைத்திருக்கின்றன. ஊறுகாயும் நெய்யும் தயிரும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. ஆஸ்திரேலியாவிலோ உணவுப் பொருள் எதுவானாலும் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால் அபராதம். எடை கூடிவிட்டது என்று கவுன்டரின் முன் தரையில் பெட்டியைத் திறந்து, பருப்புப்பொடியையும் பட்டுப்புடவையையும் ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குடும்பத்தைத் திருச்சி முனையத்தில் எந்த இரவும் பார்க்கலாம். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம்கூடக் கூடாமல் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர்கள் குருவிகள். சாமான் கொண்டுபோய்க் கொண்டுவருவதையே பிழைப்பாக்கிக்கொண்ட அவர்கள் அளவுக்கு மலிவு விமானத்தின் விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் அந்த நிறுவனங்களிலேயே குறைவாக இருக்கக்கூடும்.

உரிமை அறவே இல்லை என்பதும் சரியல்ல. சர்வதேசப் பயணத்துக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பினர்களே. டிக்கெட் எவ்வளவு மலிவானாலும் இதன்படி நிறுவனத்துக்கு உள்ள பொறுப்பு குறைவதில்லை. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். பெட்டி உடைந்த எரிச்சலில் கவுன்டரில் சத்தம் போட்டுவிட்டு வீடு போகிறவர்கள் இந்த உரிமையை வாயாலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

மிச்சமிருப்பது யாருக்காக, எதற்காக என்ற கேள்வி. உபரியை நிறுவனம் விற்பதில்லை என்றால் பயணி தானே கொண்டுவர வேண்டும்: முன்பின் ஒரு நாள், கையில் கொஞ்சம் பணம், தாமதத்தைத் தாங்கும் உடம்பு. சுற்றுலா போகும் இளைஞரிடம் மூன்றும் இருக்கும். அவருக்குப் பெயர் தெரியாத விமானம் நல்ல பேரம். விடுப்பு முடியும் நாளில் வேலைக்குத் திரும்பியாக வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளியிடம் மூன்றும் இருக்காது. மலிவு டிக்கெட்டை அவரே அதிகம் வாங்குகிறார் என்பது இந்தத் தொழிலின் சங்கடமான உண்மை. அவருக்கும் அந்த முதிய தம்பதிக்கும் நேரடி விமானமோ ஒரே டிக்கெட்டோ ஆடம்பரம் ஆகாது. அங்கே சேர்த்துக் கொடுக்கும் பணம் இருக்கையின் அகலத்துக்கானதல்ல. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒருவர் இருப்பதற்கானது.

இந்தக் கணக்கெல்லாம் செல்லாத ஒரு பயணமும் உண்டு. ஊரிலிருந்து சாவுச் செய்தி வரும்போது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. இன்றிரவு எது கிளம்புகிறது என்றுதான் பார்ப்பார். கடைசி நேரத்தில் மலிவு விமானமும் மலிவாக இருக்காது, பொங்கல், தீபாவளி நெருக்கத்தில் இன்னும் ஏறும். ஆனாலும் இடம் கிடைத்தால் விடிவதற்குள் திருச்சியில் இறங்கி, எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம். ரஜுலாவில் நாகப்பட்டினம் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்த காலத்தில், அங்கே இருந்த பிள்ளைக்குத் தந்தி மட்டுமே போனது.