மறைப்பும் அருளும்: போர்க்கால வானொலி எழுப்பும் ஓர் அறவினா

துன்பம் சூழ்ந்த காலத்தில் மக்களை மகிழ்விப்பது அறமா, அன்றி அத்துன்பத்தையே அவர்கள் கண்ணில் படாமல் செய்யும் சூழ்ச்சியா என்ற வினாவைப் போர்க்கால வானொலி மிகக் கூர்மையாக எழுப்புகிறது. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரான்சில் போரை எதிர்நோக்கிக் காத்திருந்த பிரித்தானியப் படையினருக்கென பி.பி.சி. தொடங்கிய தனி ஒலிபரப்பை, வீட்டிலிருந்தோரும் விரும்பிக் கேட்டனர். இசையும் நகைச்சுவையும் நிறைந்த அதன் அன்றாட நிகழ்ச்சிகள் களத்தையும் இல்லத்தையும் ஒரே பொழுதுபோக்கில் இணைத்தன.

மலாயாவில், 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றிய பின் தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறிக்கக் குடியேறிய கேமரன் மலைத் தோட்டங்களை வைத்து நோக்கினால், இவ்வினா வேறொரு முகம் காட்டுகிறது. பெரட்டு எனப்படும் விடியற்கால ஆள்கணக்கெடுப்பில் தொடங்கும் உழைப்பு நாளைக் கொண்ட அத்தோட்டங்களில், வானொலிப் பெட்டி துரை எனப்பட்ட தோட்ட மேலாளரின் பங்களாவுக்கும் கிராணிமார் எனப்பட்ட அலுவலக எழுத்தர்களின் வீடுகளுக்கும் உரிய பொருளாகவே பெரும்பாலும் இருந்தது. 1942 முதல் மலாயாவை ஆண்ட ஜப்பானியர், தொலைநாட்டு ஒலியை வாங்கும் சிற்றலைக் கம்பிச்சுருளைப் பெட்டிகளிலிருந்து நீக்கச் செய்தனர். அதன்பின் முள்ளை எவ்வளவு திருப்பினாலும் ஆள்வோர் அனுமதித்த பாட்டும் செய்தியும் மட்டுமே கேட்கும். எதிர்த்தரப்பு ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

இவ்வினாவுக்கான பழைய விடையொன்று புறநானூற்றின் 194ஆம் பாடலில் உள்ளது. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவனைப் பழிக்கும் பக்குடுக்கை நன்கணியார், அவ்வுலகின் இயல்பை அறிந்தோர் அதிலும் இனியவற்றைக் காணவேண்டும் என்று முடிக்கிறார். இங்கே அறிதல் முதலிலும் இன்பம் பின்னரும் வருகின்றன. சாப்பறையைக் கேட்டவனுக்கே மணமுழவை நாடும் தகுதி பிறக்கிறது. கம்பிச்சுருள் நீக்கப்பட்ட பெட்டியோ சாப்பறையை அடக்கிவிட்டு முழவை மட்டும் ஒலிக்கச் செய்வதால், இம்முறையைத் தலைகீழாக்குகிறது.

மறைத்தலும் ஒருவகைக் கருணையே என இதற்கு மறுப்புக் கூறலாம். சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களான படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகியவற்றுள் மறைத்தலையும் அருளின் பாற்படுத்தியே பேசுகிறது. உயிர் தன் வினையை நுகர்ந்து பக்குவம் பெறும்வரை உண்மையை மறைத்து நிற்கும் திரோதான சத்தி, அப்பக்குவம் வந்ததும் அருட்சத்தியாக மாறி வெளிப்படுகிறது என்பது அதன் கொள்கை. ஆனால் அம்மறைப்பு உயிரின் பொருட்டு நிகழ்வதும், வெளிப்பாட்டில் முடிவதுமாகும். ஆட்சியின் மறைப்போ ஆள்வோர் பொருட்டே நிகழ்ந்து, மறைத்தது வெளிப்படலாகாது என்ற அச்சத்திலேயே நிலைத்து நிற்கிறது.

1943 அக்டோபர் இவ்வேறுபாட்டைக் காட்டும் உரைகல். ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த, பல்லாயிரம் தோட்டத் தமிழரின் உயிரைக் குடித்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில் பாதை இணைந்து முடிந்த அதே மாதத்தில்தான், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானியர் ஆட்சிக்குட்பட்ட வானொலியில் வந்த அவர் குரல், கூலி என்று இகழப்பட்டோருக்கு இந்திய தேசிய இராணுவத்தின் படைவீரர் என்னும் பெருமிதத்தைத் தந்தது உண்மை. அப்பாதையில் மடிந்தோரின் நிலையை அதே வானொலி சொல்லவில்லை என்பதும் உண்மை. கேட்டவரின் பெருமிதம் பொய்யன்று. குற்றம் மறைத்தவரையே சாரும்.

போருக்குப் பின் மீண்ட பிரித்தானிய ஆட்சி, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்து, 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்திலும் இந்நிலை வேறு வடிவில் தொடர்ந்தது. ரேடியோ மலாயாவின் தமிழ்ப் பகுதி, தோட்டங்களிலும், கிளர்ச்சியாளரிடமிருந்து பிரிக்க மக்களைக் குடியமர்த்திய முள்வேலியிட்ட புதுக்கிராமங்களிலும் வைக்கப்பட்ட பொதுப் பெட்டிகள் வழியே, பாட்டோடு அரசின் அறிவிப்புகளையும் சேர்த்தே வழங்கியது. அந்தப் பாட்டில் இளைப்பாறிய தொழிலாளி அரசுக்கு உடன்பட்டவர் என்று கொள்வது முறையன்று. பகலெல்லாம் சரிவில் நின்ற உடல் இசையை நாடுவது இயல்பு.

ஆகவே போர்க்கால இன்பத்தை மதிப்பிடும் அளவுகோலைக் கேட்போரிடமன்றி ஒலிபரப்புவோரிடமே வைக்க வேண்டும். துயரை அறியவும் வழிவிட்டு, அதைத் தாங்க இசையும் தருவது அறம். அறியும் வழியை அடைத்துவிட்டு இசை மட்டும் தருவது, அந்த இசை எத்துணை இனியதாயினும், அறமாகாது.