பின்னால் இருந்த பாரம்

சென்ற கோடையில் ஒரு நாள் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இரு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். அதை விட்டால் சீமைக்கருவேல். எதிரே தார்ச்சாலையில் தண்ணீர் பளபளத்தது. கானல்தான். சூடேறிய காற்று ஒளியை வளைக்கிறது. கண் அதை நீர் என்று நம்பிவிடுகிறது.

வானத்திலும் ஒளி வளைகிறது. அங்கே வளைப்பது வெப்பமல்ல, ஈர்ப்பு. சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைவதை 1919-ம் ஆண்டு கிரகணத்தின்போது அளந்தார்கள். நூற்றுக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் சேர்ந்த ஒரு கொத்து வழியில் நின்றால், அதற்கு வெகு தூரம் பின்னாலுள்ள மண்டலம் உடைந்த வளையல் துண்டுபோல நீண்டு தெரியும். அந்த வளைவைக் கொண்டே, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் உட்பட, கொத்தை எடை போடுகிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கொத்துக்குப் பின்னாலும் முன்னாலும் அதே பார்வைக் கோட்டில் வேறு திரள்கள் இருக்கின்றன. அவையும் ஒளியைச் சற்றே இழுக்கின்றன. வளைவு முழுவதையும் கண்ணெதிரே நிற்கும் கொத்தின் பேரிலேயே எழுதினால் கணக்குப் பிசகும். கோயம்புத்தூரில் பிறந்து, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், டி'அலோய்சியோ என்பவருடன் 2011-ல் இந்தப் பிசகை ஆராய்ந்தார். இத்தகைய திரள்களால் பிம்பம் விலகும் தூரம், ஹப்பிள் தொலைநோக்கியின் நுட்பத்தைவிடப் பெரியது. கண் கூர்மையாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் போதவில்லை.

இதைப் படித்த அன்று என் சித்தியை நினைத்துக்கொண்டேன்.

"அவள் வந்தாள், வீடு இரண்டாயிற்று" என்பது எங்கள் குடும்பத்தின் முப்பது வருஷத் தீர்ப்பு. நானும் அதை நம்பி வளர்ந்தவன். அப்பா காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ஓர் அடமானப் பத்திரம் கிடைத்தது. மழை பொய்த்துப் பருத்தி கருகிய வருஷம், மூத்தவர் என்ற முறையில், தம்பியிடம் சொல்லாமலே பொது நிலத்தை அவர் அடகு வைத்திருக்கிறார். சித்தி வாழ வருவதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி!

அந்தப் பத்திரத்தோடுதான் பஸ் ஏறியிருந்தேன். திருச்சுழியில் சித்தியிடம் அதைப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"எம்மேலயும் தப்பு உண்டுய்யா. நாக்கு நீளந்தான் எனக்கு. ஆனா அம்புட்டும் எம்மேலதான்னு சொல்லிப்புட்டாக."

குற்றவாளி என்றோம், இனி குற்றமற்றவள் என்று மாற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதுவும் பிசகே. பின்னால் ஒரு திரள் இருப்பதால் முன்னால் நிற்கும் கொத்து எடையற்றுப் போவதில்லை. அவரவர் பாரத்தை அவரவர் பேரில் எழுதுவதே நியாயம். தன் பங்கை அவள் ஒப்புக்கொண்டாள். எங்கள் பங்கை யார் ஒப்புக்கொள்வது?

பத்திரத்தை வாங்கி மடித்து என் கையிலேயே திணித்தாள். "அவுக போயிட்டாக. யாருக்கும் காட்டாதய்யா."

காட்டவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.