யாருடைய கதை?

சயாம் மரண ரயில் பாதைக்குப் போன பெரியம்மாவின் அப்பா திரும்பவில்லை. 1943இல் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை. அதனால்தான் பாட்டி பேசிய ஒலிநாடாவை நூலகத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க நினைத்தேன்.

பெரியம்மா மறித்தார். "அதுல, அப்புறம் வேறொருத்தரோட வாழ்ந்ததையும் அம்மா சொல்லியிருக்குடா. ஊரே கேக்கணுமா?"

அந்த வேறொருத்தரின் பேரன் நான்.

அந்தப் பகுதியை வெட்டலாம்தான். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் கைப்பிள்ளையோடு நின்றவர் எப்படிப் பிழைத்தார் என்பதுதானே வரலாறு? அதேசமயம், பாட்டி என்னிடம்தான் சொன்னார், நூலகத்திடம் அல்ல.

பெரியம்மா காலம்வரை பூட்டி வைக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்டால், அவர் சாவுக்கு நான் காத்திருப்பதுபோல ஆகிவிடுகிறது. படிவம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.