முதியோர்க்குக் குளிர்ப்பணம்: யாருக்குக் கொடுப்பது?

பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோத்திரம் பார்ப்பது மூடத்தனமென்று அதன் பிற்பாதியைத் தள்ளிவிட்ட சீர்திருத்த அன்பர்களுங்கூட முற்பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தகுதியுள்ளவனுக்கே கொடுக்கவேண்டும், தகுதியற்றவன் வாங்கிப் போய்விடக் கூடாது என்னும் எண்ணம் மிக நியாயமாகத் தோன்றுவதால் அதை ஒருவரும் உரைத்துப் பார்ப்பதில்லை. பிரிட்டன் தேசத்தார் 2024, 2025 ஆகிய இரண்டாண்டுகளில் அதை உரைத்துப் பார்க்க நேர்ந்தது. அங்கு நடந்ததை வாசகர்களுக்கு எடுத்துரைத்து, அதிலிருந்து எழும் அறக்கேள்வியை ஆராய விரும்புகின்றோம்.

முதலில் குளிரைப்பற்றிச் சில சொற்கள். நாம் வெயிலிலும் மழையிலும் வாழ்பவர்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தார் விடியற்காலையில் கம்பளி போர்த்துவதுண்டு. அதற்குமேல் குளிரென்பதை நம்மிற் பலர் அறியார். ஆதலால் வீட்டைச் சூடாக்கிக்கொள்வது ஏதோ சுகபோகமென்று நமக்குத் தோன்றக்கூடும். அஃது அவ்வாறன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. இரத்தம் எளிதில் உறைகின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் நோயும் பின்னே வருகின்றன. குளிரில் விறைத்து மாண்டவர் மிகச் சிலரே. குளிர் கிளப்பிவிட்ட இந்நோய்களால் மாள்பவரோ ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல்லாயிரவர். அவருள் முதியோரே மிகுதி. வயதேற ஏற, உடல் குளிர்வதை உணரும் சக்தியும் மங்கிவிடுகின்றது. வீட்டினுள் 18 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. பிரிட்டனைவிடக் கடுங்குளிர் வாய்ந்த பின்லாந்தில் குளிர்கால மரணப் பெருக்கம் பிரிட்டனைவிடக் குறைவு என்பதையும் கவனிக்கவேண்டும். அந்நாட்டார் குளிருக்கேற்ற வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

பிரிட்டனில் 1997-ஆம் ஆண்டு தொழிற்கட்சி மந்திரிசபையார் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்றொன்றை ஏற்படுத்தினர். நிதி மந்திரியாயிருந்த கார்டன் பிரௌன் இதனைத் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் சொற்பமாயிருந்த தொகை பின்னர்க் குடும்பத்துக்கு 200 பவுனாகவும், 80 வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு 300 பவுனாகவும் உயர்ந்தது. ஏழையா, செல்வரா என்று கேளாமல் பென்ஷன் வயதடைந்த எல்லார்க்கும் அது போய்ச் சேர்ந்தது. பணத்துக்கு ஏது பெயர், எரிபொருளென்று பெயரிட்டால் மட்டும் எரிபொருளுக்கே செலவாகுமா என்று கேட்கலாம். அந்நாட்டுப் பொருளாதார ஆராய்ச்சியாளர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தனர். பெயரில்லாத பணத்திற் சிறு பங்கே எரிபொருளுக்குப் போயிருக்கும். இப்பெயரைத் தாங்கி வந்ததாலேயே ஏறக்குறைய பாதி எரிபொருளுக்குப் போயிற்று. 'இது உன் வீட்டைச் சூடாக்குவதற்கு' என்று ஊரார் சொல்லிக் கொடுத்தால் கிழவி கணப்பை மூட்டுகிறாள். மனித மனத்தின் இவ்வியல்பு நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

2024 ஜூலையில் நிதி மந்திரி ராச்சல் ரீவ்ஸ் அம்மையார், அரசாங்கக் கஜானா வறண்டிருக்கின்றது, ஆகவே பென்ஷன் கிரெடிட் முதலிய வறியோர் உதவி பெறுவோர்க்கு மட்டுமே இனி இத்தொகை உண்டு என்று அறிவித்தார். செப்டம்பர் 10-ஆம் நாள் பார்லிமெண்டில் வாக்கெடுக்கப்பட்டபோது அரசாங்கத்தின் பக்கம் 348 பேரும் எதிர்ப்பக்கம் 228 பேரும் நின்றனர். ஏறத்தாழ ஒரு கோடி முதியோர் அந்தக் குளிர்காலத்தில் தொகையை இழந்தனர். பாத்திரமறிந்து பிச்சையிடுதல் என்பது இதுதான்.

பேரேட்டோடு காலந்தள்ளும் கிராணிகளாகிய நமக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமலிருக்க முடியவில்லை. அவ்வாண்டில், வேறு தனிக்காரணங்கள் இல்லாத தனியாள் ஒருவருக்குப் பென்ஷன் கிரெடிட்டின் எல்லை வாரத்துக்கு 218 பவுன் 15 பென்ஸ். புதிய முறைப்படி முழு அரசாங்கப் பென்ஷன் வாங்குபவருக்கு வாரம் 221 பவுன் 20 பென்ஸ். வேறு ஒரு காசு வருமானமில்லாவிட்டாலும் அவர் எல்லைக்கு 3 பவுன் 5 பென்ஸ் மேலே நிற்கிறார். ஆண்டு முழுவதற்கும் அந்த அதிகம் 158 பவுன் 60 பென்ஸ். அதற்காக அவர் இழந்ததோ 200 பவுன். அதாவது, அவரைவிட ஏழையென்று சர்க்கார் எண்ணியவர் ஆண்டு முடிவில் அவரைவிடச் செல்வராய் முடிந்தார்! கோடு கிழிப்பவன் எங்கே கிழித்தாலும் கோட்டுக்குச் சற்று மேலே ஒருவன் நின்றுகொண்டேயிருப்பான்.

அவனாவது எண்ணிக்கையில் அகப்படுகிறான். அகப்படாதவன் இன்னொருவன் இருக்கிறான். கோட்டுக்குக் கீழேயிருந்தும் கேளாதவன். பென்ஷன் கிரெடிட்டுக்கு உரிமையிருந்தும் வாங்காத குடும்பங்கள் ஏழெட்டு லட்சம் என்பது அப்போது அரசாங்கத்தாரின் சொந்த மதிப்பாயிருந்தது. அதற்குரிய மனுப்பத்திரத்தில் 2024-இல் இருநூறுக்கு மேற்பட்ட கேள்விகள் இருந்தன. எழுத்தறிந்த தேசத்திலேயே இந்நிலை. ஆயினும் கேள்விகளின் நீளம் மட்டுமே காரணமென்று நாம் எண்ணவில்லை. 'நான் ஏழை' என்று கையெழுத்திடுவது ஒருவனுக்கு எளிதன்று. தோட்டத்து ஆபீஸ் ஜன்னலருகே நாள்தோறும் உட்கார்ந்திருப்பவர்கள் இதை நன்கறிவார்கள். உரக்கக் கேட்பவன் பெரும்பாலும் எப்படியேனும் பிழைத்துக்கொள்கிறவன். மிகவும் தேவையுள்ள பாட்டி ஜன்னல் வரையில் வந்து, 'ஒன்றுமில்லை ஐயா, சும்மா வந்தேன்' என்று திரும்பிப் போய்விடுகிறாள்.

இந்தக் கூச்சத்துக்குப் பிரிட்டனில் நீண்ட சரித்திரமுண்டு. 1834-ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உதவி வாங்குபவனின் வாழ்வு மிகக் கீழான கூலியின் வாழ்வைவிடக் கீழாயிருக்கவேண்டும் என்பதை வெளிப்படையான கொள்கையாகவே கொண்டிருந்தது. வேலைச்சாலை என்னும் இல்லத்தின் பெயர் கேட்டாலே கிழவர்கள் நடுங்கினர். 1908-ஆம் ஆண்டின் முதியோர் பென்ஷன் சட்டப்படி, அடுத்த ஆண்டு முதல் 70 வயதானவர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் கிடைத்தது. அதுவும் வருமானம் பார்த்தே கொடுக்கப்பட்டது. எனினும் வாங்குமிடம் வறியோர் சபையாரின் வாசலன்று, தபாலாபீஸ். கடிதத்துக்கு முத்திரை வாங்கும் கனவானும் பென்ஷன் வாங்கும் கிழவரும் ஒரே வரிசையில் நின்றனர். பின்னர் 1931-இல் வேலையிழந்தோரைச் சோதிக்கும் முறை வந்தபோது, உத்தியோகஸ்தர் வீடு புகுந்து நாற்காலி மேஜைகளை எண்ணினர். மகனுடைய கூலியைத் தகப்பனுடைய கணக்கிற் சேர்த்தனர். அந்த நினைவு தலைமுறை தாண்டியும் குடும்பங்களில் தங்கிவிட்டது.

மறுபக்கத்தாரின் வாதத்தை அலட்சியம் செய்தல் தகாது. மாளிகையில் வாழும் பிரபுவுக்கும் 200 பவுன் போகின்றது. அதை அவர் மதுவுக்குச் செலவிடுகிறார். அப்பணம் இளந்தொழிலாளியின் வரியிலிருந்து வருவது. அத்தொழிலாளிக்கு வீடுமில்லை, அவன் குழந்தைக்குக் கம்பளியுமில்லை. இவ்வாதம் பொய்யன்று. ஆனால் இது பிரபுவிடமிருந்து வாங்கவேண்டும் என்பதற்கு நியாயமாகுமேயன்றி, கிழவியைச் சோதிக்கவேண்டும் என்பதற்கு நியாயமாகாது. செல்வரைக் கண்டுபிடிக்க வரி இலாகாவார் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்வரின் கணக்கு ஏற்கனவே இருக்கின்றது. ஏழையின் கணக்கோ ஏழையின் வாயிலிருந்தே வரவேண்டும். ஒருவனைச் சோதித்தேயாகவேண்டுமென்றால், சோதனையால் மானம் போகாதவனைச் சோதிப்பதே முறை.

ஏறக்குறைய இந்த வழிக்கே அவர்களும் வந்து சேர்ந்தனர். 2025 ஜூனில் அரசாங்கத்தார் தம் தீர்மானத்தை மாற்றிக்கொண்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பென்ஷன் வயதடைந்தோர்க்கெல்லாம் தொகையைக் கொடுத்துவிட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுனுக்கு மேற்பட்டவரிடமிருந்து வரியின் மூலம் திரும்ப வாங்கிக்கொள்வதென அறிவித்தனர். ஏறத்தாழ 90 லட்சம் பேருக்குத் தொகை நின்றது. இங்கும் ஒரு கோடு இருக்கத்தான் செய்கின்றது. 35,001 பவுன் உடையவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். அவர் வீட்டில் கணப்பு அணையப்போவதில்லை.

மானத்துக்கு இவ்வாறு வழி பிறந்தது. குளிருக்கு இன்னும் முழுவழி பிறக்கவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 200 பவுனாக நின்ற தொகை, இடையிடையே சில ஆண்டுகள் தற்காலிகமாக ஏறியதொழிய, இன்றும் அதே 200 பவுன். அதற்குள் எரிவாயுவின் விலையும் மின்சாரத்தின் விலையும் எங்கோ போய்விட்டன. பிரிட்டனின் வீடுகளோ ஐரோப்பாவின் மிகப் பழைய வீடுகளைச் சேர்ந்தவை. சுவரிலும் கூரையிலும் ஜன்னலிடுக்கிலும் சூடு கசிந்துகொண்டேயிருக்கின்றது. யாருக்குக் கொடுப்பது என்னும் வழக்கிலேயே அவ்விரண்டாண்டுகளின் பெரும்பகுதி கழிந்தது. பின்லாந்தார் செய்ததைப்போலச் சுவரைப் பழுதுபார்க்கத் தொடங்கினால், பிரபுவின் சுவரா கிழவியின் சுவரா என்று மறுபடியும் ஒரு வழக்கு எழக்கூடும். எழுந்தால், கிழவியின் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுவோம்.