அரிச்சந்திரன் மனு போட்டிருக்கலாமா?

இளைஞர்களே, நம் வீடுகளில் "திவால்" என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். சாவுச் செய்தி மாதிரி காதோடு காதாகத்தான் சொல்வார்கள். கடனைக் கட்ட முடியாத ஒருவர் தானே நீதிமன்றம் போய் "இனி என்னால முடியாது" என்று மனு போட்டால், அது தர்மமா, தப்பித்து ஓடுவதா?

வாக்கு என்றாலே நமக்கு அரிச்சந்திரன்தான். விசுவாமித்திரருக்குத் தர வேண்டியதைத் தர மனைவியையும் மகனையும் விற்றான், கடைசியில் தன்னையும் விற்றுச் சுடுகாட்டில் வேலை பார்த்தான். கேட்டால் அழுகை வரும். ஆனால் வாக்குக் கொடுத்தது அவன், விலை போனது அவர்கள். சந்திரமதி சம்மதித்தாள் என்பீர்கள். அந்தச் சின்னப் பையனை யாராவது கேட்டாங்களா?

இது பழைய கதை இல்லை. ஒரு கிரெடிட் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு, அது போதாமல் ஆலோங், அப்புறம் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையில், மகளின் படிப்பு பாதியில். மானம் அப்பாவுடையது, கட்டுவது வீட்டில் உள்ளவர்கள். நான் எலக்ட்ரிக்கல் படிப்பதால் இப்படித்தான் யோசிக்கத் தோன்றுகிறது: ஃபியூஸ் எரிவது வீடு எரியாமல் இருக்கத்தான். அது எரியக் கூடாது என்று கம்பியைச் சுற்றி வைப்பவனை யாரும் மானஸ்தன் என்று சொல்வதில்லை.

அதற்காக இது சும்மா கிடைக்கிற விடுதலையும் இல்லை. சொத்து திவால் இலாகாவின் கைக்குப் போகும். அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது, பழனிக்குக் காவடி எடுக்கக்கூட. கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. வங்கி ஒருவரைத் திவாலாக்க 2017க்கு முன் 30,000 வெள்ளிக் கடன் போதும், இப்போது குறைந்தது 100,000 வெள்ளி வேண்டும். நிலவர அறிக்கை கொடுத்து ஒழுங்காக ஒத்துழைப்பவர் மூன்று ஆண்டில் விடுபடவும் வழி இருக்கிறது. மனுவுக்கு முன்னால் ஏகேபிகே போகலாம். பேங்க் நெகாரா 2006ல் தொடங்கியது, தவணையை மாற்றி அமைக்க இலவசமாக உதவுவார்கள்.

என்னை உறுத்துவது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். படிப்புக் கடன், சொந்தக் கார், குடியிருக்கும் வீடு, இவற்றுக்கு லாபம் எதிர்பார்க்காமல் ஜாமீன் நின்றவரை 2017 முதல் திவாலாக்க முடியாது. ஆனால் வியாபாரக் கடனுக்கு நின்ற நண்பருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் திவாலிலிருந்து விடுபட்டாலும் அவருடைய பொறுப்பு தீராது. நம்ம ஃபியூஸ் அவரைக் காப்பாற்றாது. அதனால் மனுவில் கையெழுத்துப் போடும் முன் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். வக்கீல் கடிதத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது துரோகம்.

இன்னொருவர் அத்தை. வளையலை அடகு வைத்துக் கொடுத்தார், ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. "வங்கி கிடக்கட்டும், முதல்ல அத்தைக்குக் கொடுத்துட்டு அப்புறம் மனு போடலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. மனுவுக்குச் சற்று முன் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றினாலும் இதே கதிதான். முதலில் எனக்கு இது கல்நெஞ்சம் என்று பட்டது. ஆனால் ஆளாளுக்குத் தன் சொந்தத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால், சம்பள பாக்கி உள்ள தொழிலாளி எங்கே போவார்?

வங்கி வட்டி போடும்போதே சிலர் கட்டமாட்டார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் போடுகிறது. அத்தை அப்படி எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. விடுதலைக்குப் பிறகு வரும் முதல் சம்பளத்தில் எவ்வளவு அவருக்கு என்று எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். நூறு வெள்ளியானாலும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.