பிடுங்கியவர் பட்ட கடன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்மாய்க்குள் இறங்கிச் சீமைக் கருவேலத்தை அகற்றும் தன்னார்வக் குழுக்களை எல்லோரும் பாராட்டுகிறோம். தொண்டு என்கிறோம், புண்ணியம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அங்கே செய்வது, பச்சையாகச் சொன்னால், உயிர்க்கொலை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் என்று வகுத்தது தொல்காப்பியம். சமணத் துறவி பசும்புல்லை மிதிக்கவே தயங்குவார். பிக்கு செடிகொடிகளைச் சிதைப்பது குற்றம் என்கிறது பௌத்த விநயம். இந்த நெறிகளெல்லாம் வேரோடிய மண்ணில், ஒரு கண்மாயைக் காப்பதற்காக ஆயிரக்கணக்கான செடிகளைச் சாகடிப்பது அறம்தானா என்ற கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அறம்தான் என்பது என் முடிவு. ஆனால் அது கடன் பட்டுச் செய்யும் அறம். அந்தக் கடனைப் பற்றி வாய்திறக்காமல் குழுவுக்கு ஆள் சேர்க்கக் கூடாது என்பதும் அதே முடிவின் பகுதி.

நம் மரபிலேயே இதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் அப்பர் கையில் உழவாரத்தோடுதான் சிலைகளில் நிற்கிறார். கோயில் முற்றத்தில் புல் செதுக்குவதையே வழிபாடாகக் கொண்டவர் அவர். இன்றைய உழவாரப்பணிக் குழுக்கள் கோபுரத்தில் ஏறி அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் பிடுங்குகின்றன. குளக்கரையில் பிள்ளையாரோடு சேர்த்துச் சுற்றிக் கும்பிடும் அதே அரசமரம்தான் கோபுரத்தில் முளைத்தால் களையாகிறது. இதில் எந்தப் பக்தருக்கும் முரண்பாடு தெரிவதில்லை. அரசமரம் கெட்ட மரம் என்று அவர் நினைப்பதில்லை. அதன் வேர் சுதையைப் பிளந்து கல்லின் இணைப்புக்குள் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கண்மாயும் கோபுரத்தைப் போல மனிதர் கட்டிய ஒன்று. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். அதன் உள்வாயை முள்மரம் அடைத்துக்கொண்டு, வரத்துக்காலும் தூர்ந்துபோனால் ஊருக்கு எஞ்சுவது ஒரு புதர்க்காடு. திருப்புகலூரில் உழவாரம் செய்யும்போது புல்லோடு பொன்னும் மணியும் தட்டுப்பட, அப்பர் அவற்றையும் கல்லோடு கல்லாகக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். புண்ணியக் கணக்கு பார்ப்பதும் அந்தப் பொன்னைப் பொறுக்குவது போலத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தின் நலனுக்கு உகந்ததே சரி என்று 1949இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட் வாதிட்டார். முழுமைக்காகத் தனி உயிரைப் பலியிடும் இந்தப் பார்வை சூழலியல் பாசிசமாகிவிடும் என்று 1983இல் தத்துவவாதி டாம் ரேகன் சாடினார். ரேகனின் அச்சம் நியாயமானது. பெருநன்மை என்று சொல்லிவிட்டால் எதையும் வெட்டலாம், எதற்கும் உறுத்தல் வேண்டாம் என்றாகிவிடும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது அவர் கண்முன் நின்றது சமூகம் என்ற கருத்தல்ல, பசித்து வந்த ஆள். தனி உயிரைப் பார்க்காத கருணை பாதியில் நின்ற கருணைதான். அதற்காகக் கண்மாயைக் கைவிட வேண்டியதில்லை. எந்த நன்மையின் பெயரால் ஓர் உயிரை அழித்தோமோ அந்த நன்மை உண்மையில் விளைய வேண்டும். விளையும்வரை அழித்தவர் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை.

சீமைக் கருவேலத்தின் இயல்பைப் பார்த்தால் இந்தப் பொறுப்பு எவ்வளவு நீளமானது என்பது புரியும். அடிமரத்தை வெட்டினால் சாகாது. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பல கிளைகள் வெடித்துக் கிளம்பும். இனிப்பான காய்களை ஆடும் மாடும் தின்று சாணத்தோடு விதைகளைக் கண்மாய் முழுக்கப் பரப்பும். அந்த விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். இயந்திரம் விட்டுக் கிளறி வெயில் பட விட்ட தரையைவிட நல்ல நாற்றங்கால் அவற்றுக்கு வேறில்லை. மழை பெய்த சில வாரங்களில், ஈரம் காயாத மண்ணில், விரல் நீளக் கன்றை இரண்டு விரலால் இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். கோடைவரை விட்டுவிட்டால் கடப்பாரை எடுக்க வேண்டும். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். ஆக, பதாகை கட்டி, படம் எடுத்து, ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் முகாமில் உயிர்களைக் கொன்றது மட்டுமே மிச்சம். இரண்டு மழைக்குப் பிறகு அங்கே முன்னைவிட அடர்ந்த காடு நிற்கும். குழுவில் சேர வருபவரிடம் உடல் வலுவைப் பற்றிக் கேட்பதைவிட அடுத்த ஐப்பசியில் வருவீர்களா என்று கேட்பதுதான் அறக்கேள்வி.

இன்னொரு மறுப்பு, மரத்தை அந்நியம் என்று பழிப்பதைப் பற்றியது. மிளகாயும் தக்காளியும் முந்திரியும் சீமைக் கருவேலம் வந்த அதே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். அவற்றை யாரும் விரட்டவில்லை. சீமைக் கருவேலமும் தானாக எல்லை தாண்டி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக மனிதர் கொண்டுவந்து விதைத்தது அது. பிறப்பை வைத்து உயிர்களைத் தரம் பிரிக்கும் பழக்கம் இந்த மண்ணில் செய்த கேடு போதும். அதை மரங்கள் வரை நீட்டிக்க வேண்டாம். குற்றச்சாட்டு அது எங்கிருந்து வந்தது என்பதல்ல, இந்தக் கண்மாயில் இப்போது என்ன செய்கிறது என்பதுதான். மிளகாய்ச் செடி எந்த வரத்துக்காலையும் அடைத்ததில்லை.

அப்படிப் பார்க்கத் தொடங்கினால் சில இடங்களில் கை தயங்கும், தயங்கவும் வேண்டும். இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரமே சோறு. அவர்களைக் கேட்காமல் ஊர்ப் பொதுநன்மை பேசும் குழு, ரேகன் அஞ்சியதைத்தான் செய்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் மரங்களை அகற்ற உத்தரவிட, அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. இந்த விவகாரம் அவசரத்துக்கு வளையாது என்பதற்கு அதுவே சான்று. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நீர்ப்பறவைகள் நாட்டுக் கருவேலத்தில் மட்டுமல்ல, சீமைக் கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் பறந்துபோகும்வரை அங்கே அரிவாளுக்கு வேலையில்லை. அதற்குப் பிறகும், பக்கத்தில் நட்ட நாட்டுக் கருவேலங்கன்றுகள் கூடு தாங்கும் அளவுக்கு வளரும்வரை அந்த மரங்கள் நிற்கட்டும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் ஆடு மேயாமல் முள்வேலி கட்டுவதும்தான் குழுவின் வேலை. வேலிக்குச் சீமைக் கருவேல முள்ளே போதும்.